அண்ணி கட்டிய மஞ்சள் பல்

என் அண்ணி யாரைப் பார்த்தாலும் முதலில் பல்லைத்தான் பார்ப்பார். எதிரே நிற்பவரின் உதட்டுக்கு நடுவே பார்வையை நிறுத்திக்கொண்டுதான் பேச்சையே தொடங்குவார். புதிதாகப் பழகுகிறவர்கள் பல்லிடுக்கில் ஏதோ மாட்டிக்கொண்டிருக்கிறது என்று நினைத்து நாக்கால் துழாவ ஆரம்பித்துவிடுவார்கள்.

என் அண்ணன் அவரைச் சந்தித்ததும் அப்படித்தான். அண்ணன் லிஃப்ட் பழுது பார்க்கிறவன். ஒரு ஐந்து மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் பாதி வழியில் நின்றுவிட்டது, உள்ளே ஒரு பெண் முக்கால் மணி நேரமாக மாட்டிக்கொண்டிருக்கிறாள் என்று தகவல் வந்து ஓடினான். கதவை நெம்பித் திறந்து, மேலிருந்து குனிந்து, "பயப்படாதீங்க, ஒண்ணும் ஆகாது" என்று சிரித்தான். உள்ளே கையில் ஒரு சின்ன டப்பாவோடு நின்றிருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள். நன்றி சொல்லவில்லை.

"முன்பல்லு ரெண்டும் அசல் இல்லையே. யாரு கட்டினது? இவ்ளோ மோசமா?"

பதினெட்டு வயதில் சைக்கிளிலிருந்து விழுந்து கட்டிக்கொண்ட பல் அது. பன்னிரண்டு வருடங்களில் பெற்ற தாயே அதைக் குறை சொன்னதில்லை. அடுத்த மூன்றாவது மாதம் அண்ணனின் வாயில் இரண்டு புதுப் பற்களும், அடுத்த வருடம் எங்கள் வீட்டில் புது அண்ணியும் வந்து சேர்ந்தார்கள்.

அந்தக் கட்டடத்தின் முதல் மாடியில் ஒரு பல் டாக்டரின் மருத்துவமனை. நாலாவது மாடியில் அவருக்கே சொந்தமான பல் லேப், அண்ணி வேலை செய்யும் இடம். டாக்டர் நோயாளியின் வாயில் அச்செடுத்து மேலே அனுப்புவார். நாங்கள் பல் செய்து கீழே அனுப்புவோம். எனக்கும் அங்கே வேலை வாங்கிக்கொடுத்தவர் அண்ணிதான். அச்சில் ஜிப்சம் மாவைக் கரைத்து ஊற்றி மாதிரி எடுப்பது, மெழுகு செதுக்குவது, பீங்கான் பொடி பாட்டில்களை ஒழுங்காக வைத்திருப்பது என் பொறுப்பு. வீட்டில் நான் கீழ்வீடு, அவர்கள் மேல்வீடு. வேலையிடத்தில் பக்கத்துப் பக்கத்து மேஜை. நாத்தனாரும் அண்ணியும் இத்தனை நெருக்கத்தில் இத்தனை வருடம் சண்டையில்லாமல் இருந்ததை உறவுக்காரர்கள் சந்தேகத்தோடுதான் பார்த்தார்கள்.

பல்லுக்கு உயிர் கொடுப்பது அண்ணியின் வேலை. உலோகத் தொப்பியின் மேல், தண்ணீரில் குழைத்த பீங்கான் பொடியைத் தூரிகையால் தொட்டுத் தொட்டு வைத்து, பல்லாக வளர்த்து, உலையில் சுட்டெடுக்க வேண்டும். பல் வெள்ளை என்று யாராவது சொன்னால் அண்ணிக்குச் சிரிப்பு வரும். ஈறு ஓரத்தில் லேசான மஞ்சள், நடுவில் பாலாடை, நுனியில் கண்ணாடி மாதிரி ஒரு நீலம் கலந்த சாம்பல். ஒரே பல்லில் மூன்று நான்கு நிறம் இருக்கும். முன்பல் கட்ட வேண்டியவர்களை டாக்டர் மேலே அனுப்பிவைப்பார். அண்ணி அவர்களை ஜன்னலோரம் உட்காரவைத்து, உதட்டுச் சாயத்தைத் துடைக்கச் சொல்லி, பதினாறு மாதிரிப் பற்கள் கோத்த நிறப்பட்டையைப் பல்லருகே நீட்டுவார். ஐந்து விநாடி பார்ப்பார். சுவரில் தொங்கும் சாம்பல் துணியை ஒருமுறை பார்த்துக் கண்ணை ஆற்றிக்கொள்வார். மறுபடி ஐந்து விநாடி. "ம், போலாம்." அவ்வளவுதான். அவர் கட்டிய பல்லை, கட்டிக்கொண்டவரே எது என்று மறந்துவிடுவார்.

இருபது வருடம் இப்படி ஓடியது. அண்ணிக்கு நாற்பத்தேழு வயது ஆனது.

சர்க்கரை வந்து அப்போது ஆறு வருடம். அதை அவர் ஒரு வியாதியாகவே மதிக்கவில்லை. "பாதிப் பேருக்கு இருக்கு. எனக்கும் இருந்துட்டுப் போகட்டும்" என்பார். மாத்திரையை ஞாபகம் வந்தால் போடுவார். ஞாபகம் வராமலிருக்க டீயும் பிஸ்கட்டும் துணை செய்தன. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனையில் ஒன்பதரை வந்தபோது, "பத்து வரலல்ல" என்று அண்ணனைச் சமாதானப்படுத்தினார்.

அந்த வருடம்தான் பற்கள் திரும்பி வர ஆரம்பித்தன.

முதலில் ஒரு பெரியவரின் கடைவாய்ப்பல். அது வாய்க்குள் எங்கோ மூலையில் கிடப்பது, யாரும் பெரிதுபடுத்தவில்லை. அடுத்து ஒரு வங்கிக்காரரின் கோரைப்பல். பிறகு இன்னும் இரண்டு. எல்லாவற்றிலும் ஒரே குறை: மஞ்சளடிக்கிறது. அண்ணி டியூப்லைட்டை மாற்றச் சொன்னார். மாற்றினோம். ஜன்னல் கண்ணாடியைத் துடைக்கச் சொன்னார். துடைத்தோம். டாக்டர் அறையில் இருக்கும் விளக்குதான் மோசம் என்று அடுத்ததாகச் சொன்னார். டாக்டர் பல்லைக் கடித்துக்கொண்டு அதையும் மாற்றினார்.

அப்போது ஒரு டீச்சர் வந்தார். ஒன்றாம் வகுப்பு டீச்சர். நடு முன்பல்லை அண்ணி கட்டிக்கொடுத்துப் பத்து நாள் ஆகியிருந்தது. நாலு மாடி ஏறி நேராக எங்களிடமே வந்துவிட்டார். கோபமெல்லாம் இல்லை, வாயைக் கையால் மூடிக்கொண்டு சிரித்தார்.

"தப்பா நினைச்சுக்காதீங்க. பெரியவங்க யாரும் ஒண்ணும் சொல்லல. பசங்கதான். ஒருத்தன் எழுந்து நின்னு, மிஸ், உங்க ஒரு பல்லு மட்டும் ஏன் பழசுன்னு கேட்டான். பக்கத்துல இருந்தவ, அது அவங்க தாத்தாவோட பல்லுடா, வீட்ல குடுத்திருப்பாங்கன்னு சொல்றா. ஆ, ஈ எல்லாம் வாயை மூடிக்கிட்டு எப்படிங்க சொல்லிக்குடுக்கறது?"

அண்ணி அவரை ஜன்னலோரம் உட்காரவைத்து வெகுநேரம் பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன். பக்கத்துப் பற்கள் இரண்டும் பாலாடை நிறம். நடுவில் இருந்தது பழைய நோட்டுத் தாள் மாதிரி இருந்தது. சந்தேகமே இல்லை.

"எனக்கு மூணும் ஒண்ணாத்தான் தெரியுது" என்றார் அண்ணி. வீம்புக்குச் சொல்லவில்லை. நிஜமாகவே அவருக்கு அப்படித்தான் தெரிந்தது. "ஆனா பசங்க பொய் சொல்லாது. வேற செஞ்சு தர்றேன்."

செய்தார். முந்தியதைவிட மஞ்சளாக வந்தது.

இந்த முறை டாக்டரே மேலே ஏறி வந்தார். தலையைச் சொறிந்தார். "நீங்க வேணா கண்ணை ஒரு தடவை காட்டிடுங்களேன்" என்றார். இருபது வருடத்தில் அண்ணியிடம் யாரும் சொல்லாத வார்த்தை. மூக்குக்கு மேல் வந்த கோபத்தோடு அன்றைக்கே கண் மருத்துவமனைக்குப் போனார். மறுநாள் காலை ஒரு தாளோடு வந்தார். விழித்திரையைப் படமெடுத்துப் பார்த்திருந்தார்கள். ரத்தக் கசிவு இல்லை. வீக்கம் இல்லை. லென்ஸ் தெளிவாக இருக்கிறது. மூக்குக்கண்ணாடி நம்பர் சரி. அண்ணி அந்தத் தாளை எல்லாரும் பார்க்கும்படி உலைக்கு மேலே சுவரில் ஒட்டினார்.

ஒட்டிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"கண்ணு நல்லா இருக்குன்னு எழுத்துல குடுத்துட்டாங்க. அப்ப கோளாறு பொடியிலதான். பொடி பாட்டில் யாரு பொறுப்பு?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நான் பாட்டிலை மாற்றி வைத்திருப்பேன், மூடியைச் சரியாக மூடாமல் தூசி விழவிட்டிருப்பேன், ஒன்றில் எடுத்ததை இன்னொன்றில் கொட்டியிருப்பேன் என்று அடுக்கிக்கொண்டே போனார். அறை முழுக்க ஆள். அன்றிலிருந்து நான் அவரோடு பேசவில்லை.

பதினெட்டு நாள். லேபில் பக்கத்து மேஜை, வீட்டில் தலைக்கு மேல் அவர் நடக்கும் சத்தம். பேச வேண்டியதெல்லாம் அண்ணன் வழியாகப் போனது. "தண்ணி மோட்டார் போடச் சொல்லுங்க." "போட்டாச்சுன்னு சொல்லு." அண்ணன் மேலும் கீழும் நடந்து நடந்து, "வேலையிலதான் ஏறி இறங்கறேன்னா வீட்லயுமா" என்று நொந்துகொண்டான்.

எனக்கு ஒன்றே ஒன்றுதான் வேண்டியிருந்தது. என் மேல் தப்பில்லை என்று நிரூபிக்க வேண்டும். கண் மருத்துவமனைத் தாளோடு ஒரு சின்னத் துண்டுச்சீட்டும் கொடுத்திருந்தார்கள். அண்ணி அதை மேஜையிலேயே போட்டிருந்தார். சர்க்கரை நோய் இருந்தும் கண் படத்தில் குறை எதுவும் தெரியாதவர்கள் ஓர் ஆராய்ச்சிக்குத் தேவை, நிறப் பார்வைப் பரிசோதனையும் விழித்திரை மின் அலைப் பரிசோதனையும் செய்யப்படும் என்று அதில் இருந்தது. நிறப் பார்வை! சீட்டை அண்ணனிடம் கொடுத்தேன். அவன் அதை மேலே கொண்டுபோய்த் தனக்குத் தெரிந்தபடி விளக்கியிருக்கிறான்.

"கண்ணு ரொம்ப நல்லா இருக்கறவங்களா பாத்துத் தேடறாங்களாம்."

அண்ணி உடனே ஒத்துக்கொண்டார். அதை ஒரு கௌரவமாகவே எடுத்துக்கொண்டார். கண்ணில் மருந்து விடுவார்கள், திரும்பி வரத் துணை வேண்டும் என்றார்கள். அண்ணனுக்கு அன்றைக்கு வேலை. ஆக, ஒருவரோடொருவர் பேசாத நாங்கள் இருவரும் ஒரே பேருந்தில், முன் சீட்டிலும் பின் சீட்டிலுமாகக் கிளம்பினோம்.

பரிசோதனை செய்தது முப்பது வயதுப் பெண் ஒருவர். கண் டாக்டர் இல்லை, ஆராய்ச்சிக்காரர். பாதி நாள் இங்கே மனிதர்களோடு, மீதி நாள் பின்கட்டடத்தில் எலிகளோடு என்று அவரே சொன்னார். எலி டாக்டர் என்று அப்போதே மனசுக்குள் பெயர் வைத்துவிட்டேன்.

அவர் ஒரு நீளமான மரப்பெட்டியைத் திறந்தார். உள்ளே சின்னச் சின்ன வண்ண வில்லைகள். கலைத்துப்போட்டார். "நிறம் கொஞ்சம் கொஞ்சமா மாறற மாதிரி வரிசையா வைக்கணும். அவசரமில்ல, நிதானமா வைங்க."

அண்ணி சிரித்தார். "இது என் பொழப்பும்மா" என்றார். சிவப்பிலிருந்து மஞ்சளுக்கு, மஞ்சளிலிருந்து பச்சைக்கு வில்லைகள் அவர் விரலில் சரசரவென்று ஓடின. பச்சை தாண்டி நீலத்துக்கு வந்ததும் வேகம் குறைந்தது. ஒரு வில்லையை வைத்தார், எடுத்தார். மறுபடி வைத்தார். கழுத்து முன்னால் நீண்டது. பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த எனக்கு வரிசை தவறுவது தெரிந்தது.

எலி டாக்டர் பெட்டியை மூடி, தலைகீழாகக் கவிழ்த்து, மறுபடி திறந்தார். ஒவ்வொரு வில்லைக்கும் அடியில் ஓர் எண். சிவப்புப் பக்கமெல்லாம் ஒன்று, இரண்டு, மூன்று என்று பிசகாமல் போனது. நீலப் பக்கத்தில் எண்கள் ஒன்றையொன்று தாண்டிக் குதித்திருந்தன. பதினொரு இடத்தில்.

அண்ணி வெகுநேரம் அந்த எண்களையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் படம் சரி என்று எழுதிக்கொடுத்தது போன்ற தாள் எதுவும் இங்கே உதவாது. அவர் கையாலேயே அடுக்கியது அது. நான் ஜெயித்துவிட்டேன். பதினெட்டு நாளாக இந்த நிமிஷத்துக்காகத்தான் காத்திருந்தேன். ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும், ஏன்தான் அந்தச் சீட்டை எடுத்தோமோ என்றிருந்தது.

அடுத்த பரிசோதனைக்கு முன் இருபது நிமிடம் கும்மிருட்டில் உட்கார வேண்டும். கண் இருட்டுக்குப் பழக வேண்டுமாம். மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு ஜன்னலே இல்லாத ஓர் அறையில் இரண்டு நாற்காலி போட்டு எங்களை அடைத்துவிட்டார்கள். என் கை எனக்கே தெரியவில்லை. ஏதோ ஒரு இயந்திரத்தின் விசிறி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"அந்த டீச்சர் பல்லு" என்று இருட்டுக்குள்ளிருந்து அண்ணியின் குரல் வந்தது. "உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"மஞ்சளா."

"முதல் தடவையேவா?"

"முதல் தடவையே."

"ஏன் சொல்லல?"

"நீங்க சொல்ல விட்டீங்களா?"

அண்ணி நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொள்ளும் சத்தம் கேட்டது.

"உங்க அண்ணனோட சாக்ஸ், கறுப்பு எது, கருநீலம் எதுன்னு ஆறு மாசமாவே எனக்குப் பிடிபடல. ஒண்ணுல ஒண்ணு மாத்தி மடிச்சு வெப்பேன். அவருக்கும் தெரியாது, அப்படியே போட்டுட்டுப் போவாரு. என்னமோ ஆகுதுன்னு எனக்கு உள்ளுக்குள்ள தெரியும். கண்ணு போயிட்டா நான் என்ன செய்வேன்? எனக்கு வேற என்ன தெரியும்? அந்தத் தாளை ஊருக்குக் காட்டவா ஒட்டினேன்? எனக்கு நானே சொல்லிக்கத்தான் ஒட்டினேன். அப்புறம் யார் மேலயாவது பழி போடணுமே. நீதான் பக்கத்துல இருந்த."

"பக்கத்துல இருந்தது ஒரு குத்தமா அண்ணி?"

"இல்ல. தப்பு என்னுதுதான். எல்லார் முன்னாடியும் சொன்னேன். எல்லார் முன்னாடியும் மாத்திச் சொல்றேன்."

அவர் மூக்கை உறிஞ்சினார். கதவுக்கு வெளியிலிருந்து எலி டாக்டரின் குரல் கேட்டது. "பேசிக்கிட்டிருங்க, தப்பில்ல. ஆனா அழாதீங்க. கண்ணு ஈரமா இருந்தா, அங்க வைக்கப்போற கம்பி நிக்காது."

நாங்கள் இருவரும் ஒரே சமயத்தில் சிரித்துவிட்டோம். பதினெட்டு நாள் உம்மென்று இருந்தது அதோடு முடிந்தது.

மங்கலான ஒரு சிவப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு அவர் உள்ளே வந்தார். முடி போன்ற ஒரு மெல்லிய கம்பி இழையை அண்ணியின் கீழ் இமையோரமாகப் படியவைத்தார். கூசியதே தவிர வலிக்கவில்லை என்று அண்ணி பிறகு சொன்னார். தாடையை ஒரு கிண்ணத்தில் ஊன்றிக்கொள்ள, எதிரே பளிச் பளிச்சென்று வெளிச்சம் வெட்டியது. ஒவ்வொரு வெட்டுக்கும் விழித்திரையில் உண்டாகும் மின்சாரத்தை அந்தக் கம்பி எடுத்துக்கொண்டுபோய்த் திரையில் கோடாக வரைந்தது. எல்லாம் முடிய ஒரு மணி நேரம்.

விளக்கைப் போட்டுவிட்டு எலி டாக்டர் எங்களுக்கு இரண்டு கோடுகளைக் காட்டினார். ஒன்று சர்க்கரை இல்லாத ஒருவருடையது, மற்றது அண்ணியுடையது. இரண்டிலும் கோடு முதலில் ஒரு பள்ளம் இறங்கி, பிறகு ஒரு பெரிய அலையாக ஏறியது. முதல் ஆளுக்கு அந்த ஏற்றத்தில் நாலைந்து சின்னச் சின்ன அலைகள் துடிப்பாக இருந்தன. அண்ணியின் கோட்டில் அவை தாழ்ந்தும், கொஞ்சம் தாமதித்தும் இருந்தன.

"இந்தச் சின்ன அலை இருக்குல்ல, இதுதான் முதல்ல தடுமாறும்" என்றார். "படத்துல ரத்தக்குழாய் எல்லாம் சரியா இருக்கும். ஆனா உள்ள இருக்கற நரம்பு செல்லுங்க ஒண்ணோட ஒண்ணு பேசிக்கறதுல பிசகு வந்திருக்கும்."

"செல்லு பேசுமா?" என்றார் அண்ணி.

"பேசும். வாயில்லாமப் பேசும். அமினோ அமிலத்தைக் கக்கித்தான் பேசும். குளூட்டமேட்னு ஒண்ணு இருக்கு. அது பக்கத்து செல்லைத் தூண்டிவிடும். காபா, கிளைசின்னு இன்னும் ரெண்டு. அது அடக்கி வைக்கும். தூண்டறதும் வேணும், அடக்கறதும் வேணும். ரெண்டும் சரியான அளவுல இருந்தாத்தான் இந்த நிறம் வேற, அந்த நிறம் வேறன்னு உங்களுக்குப் பிரிச்சுத் தெரியும்."

அண்ணி முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். நிறம் பிரிக்கிற பேச்சு என்றால் அவருக்கு வேறு எதுவும் காதில் விழாது. "சர்க்கரை இதுல எங்க வருது?"

"பேசி முடிச்சதும் மிச்சம் இருக்கற குளூட்டமேட்டை அப்புறப்படுத்த பக்கத்துலயே சில செல்லுங்க இருக்கு. உறிஞ்சி எடுத்து, ஆபத்தில்லாத வேற பொருளா மாத்தித் திருப்பிக் குடுக்கும். ரத்தத்துல சர்க்கரை ரொம்ப நாள் கூடுதலா இருந்தா அந்த செல்லுங்க சுணங்கிடுது. எலியோட விழித்திரையை எடுத்து அளந்து பாத்தா நிறைய தடவை குளூட்டமேட் தேங்கி நிக்குது. காபாவோட அளவும் மாறியிருக்கு. அதிகமா தேங்கினா நரம்பு செல்லுக்கே அது கேடு."

"எனக்கும் அப்படித்தான் தேங்கியிருக்கா?"

எலி டாக்டர் தயங்கினார். "உறுதியா சொல்ல மாட்டேன். உங்க விழித்திரையை எடுத்து நான் அளக்க முடியாதே. எலியிலயே எல்லாருக்கும் ஒரே விடை வரல, சில பேரு கூடியிருக்குன்னும் சில பேரு குறைஞ்சிருக்குன்னும் எழுதறாங்க. உங்க அலையைப் பாத்தா உள்பக்க செல்லுங்க தடுமாறுதுன்னு தெரியுது. நீலம், மஞ்சள் குழம்பறதும் சர்க்கரைக்காரங்ககிட்ட முன்கூட்டியே வரக்கூடியதுதான். காரணம் இதுவா இருக்கலாம்னுதான் தேடிக்கிட்டிருக்கோம்."

அண்ணி யோசித்தார். "அமினோ அமிலம்னா பருப்புலயும் முட்டையிலயும் இருக்கறதுதானே? அதைக் குறைச்சுட்டா?"

"ஐயோ, வேணாம். கண்ணுக்குத் தேவையான குளூட்டமேட்டை விழித்திரை தானே தயாரிச்சுக்கும். நீங்க முட்டையை விட்டா முட்டைதான் மிச்சமாகும். குறைக்க வேண்டியது சர்க்கரையை. அதுவும் தடாலடியா இறக்காதீங்க, உங்க டாக்டர் சொல்ற மாதிரி படிப்படியா."

"அப்ப இது சரியாகிடுமா?"

"இன்னும் மோசமாகாம பாத்துக்கலாம். கொஞ்சம் சரியாகலாம். முழுசா சரியாகும்னு சத்தியம் பண்ண மாட்டேன்."

"தெரியாததைத் தெரியாதுன்னு சொல்ற டாக்டரை இன்னைக்குத்தான் பாக்கறேன்" என்றார் அண்ணி, வெளியே வந்ததும். அதில் கேலி இல்லை.

மறுநாள் லேபில் எல்லாரும் வந்து சேர்ந்த பிறகு, அண்ணி சுவரிலிருந்த தாளைக் கிழித்தார். "பொடியில கோளாறு இல்ல. இவ மேல நான் சொன்னது அபாண்டம். கோளாறு என் கண்ணுல" என்று நின்றபடியே சொன்னார். பிறகு படியிறங்கிப் போய் டாக்டரிடமும் சொன்னார். வேலையை விட்டு நிற்கச் சொன்னால் நிற்கத் தயாராகத்தான் போனார். டாக்டர் கேட்டது ஒன்றே ஒன்று. "பல்லோட வடிவத்துல ஏதாவது குழப்பம் இருக்கா?"

"கண்ணை மூடிக்கிட்டுக்கூடச் செய்வேன்."

"அப்ப நிறத்தை மட்டும் ரெண்டு பேரா பாருங்க."

அப்படித்தான் நான் நிறம் பார்க்க வந்தேன். ஜன்னலோரம் இருவரும் நிற்போம். அண்ணி நிறப்பட்டையை நீட்டுவார். நான் சொல்லுவேன். முதலில் மிகவும் சிரமப்பட்டேன். எனக்குக் கண் இருந்தது, ஆனால் எதைப் பார்ப்பது என்று தெரியவில்லை. அண்ணிக்கு எதைப் பார்ப்பது என்று தெரிந்திருந்தது, கண் ஒத்துழைக்கவில்லை. "நுனியைப் பாரு. அங்க மஞ்சள் எட்டிப்பாக்குதா? வெளிச்சம் உள்ள போயிட்டு வருதா, மேலயே நிக்குதா?" என்று கேட்டுக் கேட்டு என்னிடமிருந்து பதிலைப் பிடுங்குவார். சில நாள் நாங்கள் போடும் வாக்குவாதத்தில் நாற்காலியில் இருப்பவர் வாயைத் திறந்தபடியே தூங்கிவிடுவார்.

டீச்சருக்கு மூன்றாவது பல் கட்டினோம். நான் நிறம் சொல்ல, அண்ணி வைத்தார். பக்கத்துப் பல்லில் இருந்த ஒரு மெல்லிய வெடிப்புக் கோட்டைக்கூடப் புதுப் பல்லில் கொண்டுவந்துவிட்டார். டீச்சர் வகுப்புக்குப் போய்ப் பல்லைக் காட்டிச் சிரித்திருக்கிறார். ஒரு குழந்தையும் ஒன்றும் சொல்லவில்லையாம். "இவ்ளோ செஞ்சும் ஒருத்தரும் கண்டுக்கலைங்க" என்று அவர் குறைப்பட்டுக்கொண்டபோது அண்ணிக்கு வாயெல்லாம் பல்.

சர்க்கரை விஷயத்தில் அண்ணி மாறியதுதான் பெரிய வேடிக்கை. எதையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாத பெண். மாத்திரை தவறவே இல்லை. டீயில் சர்க்கரை போனது. பிஸ்கட் டப்பாவில் ஸ்க்ரூவும் நட்டும் போட்டு வைக்கச் சொல்லி அண்ணனிடம் கொடுத்துவிட்டார். காலையில் நடக்கப் போனார். அதோடு விட்டாரா? என்னையும் இழுத்துக்கொண்டு போனார். லிஃப்டை விட்டுவிட்டு நாலு மாடியும் படியேறினார். "லிஃப்ட் மெக்கானிக் பொண்டாட்டி படியேறினா என் மானம் என்னாகறது?" என்றான் அண்ணன். அவனையும் ரத்தம் எடுக்க இழுத்துப் போனார். அவனுக்கு ஒன்றுமில்லை என்று வந்தது. அதற்கப்புறம் ஒரு மாதம் அவன் அலட்டிய அலட்டல் தாங்கவில்லை. எங்கள் இருவர் முன்னாலும் வேண்டுமென்றே டீயில் சர்க்கரையை முழுக் கரண்டியாகப் போட்டுக் கலக்குவான்.

ஒன்பதரை எட்டரைக்கு வந்தது. பிறகு ஏழே முக்கால். வருடக் கடைசியில் ஏழு.

ஒரு வருடம் கழித்து எலி டாக்டர் மறுபடி கூப்பிட்டார். இந்த முறை பேருந்தில் ஒரே சீட்டில் உட்கார்ந்து போனோம். அதே மரப்பெட்டி, அதே வில்லைகள். அண்ணி பெருமையெல்லாம் பேசவில்லை. நீலப் பக்கத்துக்கு வந்ததும் வேகத்தைக் குறைத்து, ஒவ்வொன்றாக வைத்தார். கவிழ்த்துப் பார்த்தபோது ஆறு இடத்தில் பிசகு. அப்படியானால் பதினொன்றில் ஐந்து சரியாகியிருந்தது. சிற்றலைகள் முந்திய வருடத்தைவிடக் கொஞ்சம் நிமிர்ந்திருந்தன. தாமதம் மட்டும் அப்படியே இருந்தது.

"சர்க்கரை குறைஞ்சதாலயா, போன தடவை செஞ்ச பழக்கத்தாலயா?" என்று அண்ணியே கேட்டார்.

எலி டாக்டருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "அந்தக் கேள்விதான்! ரெண்டும் இருக்கலாம். உங்களை மாதிரி இன்னும் நிறைய பேரைப் பாத்தாத்தான் பிரிச்சுச் சொல்ல முடியும்."

அன்றைக்குப் பரிசோதனைக்கு வந்திருந்த ஒரு லாரி டிரைவர், கண்ணில் கம்பி வைப்பார்கள் என்றதும் எழுந்து கிளம்பப் பார்த்தார். அண்ணி அவரை நிறுத்தினார். "ஒண்ணும் பண்ணாதுங்க. இமையில ஒரு முடி விழுந்த மாதிரிதான் இருக்கும். உள்ள இருட்டு இருக்கே, அதுதான் அருமை. யார்கிட்டயாவது சண்டை போட்டிருந்தா அவங்களையும் கூட்டிட்டு வாங்க, சமாதானமாயிடலாம்." டிரைவர் ஒன்றும் புரியாமல் சிரித்தார். உட்கார்ந்துவிட்டார்.

நாங்கள் வெளியே வந்தபோது நல்ல வெயில். மருந்து விட்ட கண்ணை அண்ணியால் திறக்கவே முடியவில்லை. புருவத்துக்கு மேல் கையை வைத்து, மற்ற கையால் என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தார். நிறுத்தத்துக்கு ஒரு பேருந்து வந்து நின்றது.

"பச்சைக் கலர் பஸ் அண்ணி" என்றேன், உதவி செய்கிற நினைப்பில்.

"பச்சைன்னு எனக்கே தெரியுது. அது எங்க போகுதுன்னு படிச்சுச் சொல்லு, ஏறணுமா வேணாமா?"

படித்துப் பார்த்தேன். எங்கள் பக்கம் போகிற பேருந்துதான். ஏறிக்கொண்டோம்.